முதல் கியரில் வரும் சத்தம்

எதிர்க் குவார்ட்டர்ஸ் அக்கா கர்வம் பிடித்தவர் என்று நான் குடிவந்த வாரமே நாலு பேர் சொல்லிவிட்டார்கள். யார் வீட்டுக்கும் போக மாட்டார், கோயிலுக்குக் கூப்பிட்டால் வர மாட்டார், ஏதாவது கேட்டால் முணுமுணுவென்று ரெண்டு வார்த்தை சொல்லிவிட்டு உள்ளே போய்விடுவார் என்றார்கள். குறை சொல்வதற்கு மட்டும் எங்கள் பிளாக்கில் ஷிப்ட் கிடையாது, எந்நேரமும் ஆள் இருக்கும். ஆனாலும் அவர்கள் சொன்னதில் குரலைப் பற்றியது உண்மைதான். அக்கா பேசினால் எதிரில் நிற்கிறவருக்கே பாதிதான் எட்டும்.

எழுபதுகளின் கடைசி அது. நெய்வேலியில் ஆண்கள் எல்லாரும் உரக்கத்தான் பேசுவார்கள். மைன்ஸில் மிஷினுக்குப் பக்கத்தில் நின்று பேசிப் பேசி, வீட்டில் மோர் கேட்பதற்கும் அதே குரல்தான் வரும். அவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பெண்களுக்கும் அது ஒட்டிக்கொள்ளும். அப்படிப்பட்ட ஊரில் மெதுவாகப் பேசுகிறவர் திமிர்க்காரராகத் தெரிவதில் ஆச்சரியமில்லை.

எனக்கு அப்போது கல்யாணமாகி நாலைந்து மாதம். பிறந்த வீடு பண்ருட்டி. கூப்பிடு தூரம்தான் என்று சொல்லித்தான் கட்டிக்கொடுத்தார்கள். கூப்பிட்டால் கேட்க யாராவது இருந்தால்தானே கூப்பிடு தூரம். இவர், அதாவது என் வீட்டுக்காரர், வொர்க்‌ஷாப்பில் ஃபிட்டர். நல்ல மனுஷர். வந்ததும் ரேடியோவைப் போட்டுக்கொண்டு உட்காருவார். நான் பேசினால் 'ம்' கொட்டுவார். கதை சொல்கிற குழந்தைக்குக் கொட்டுகிற மாதிரி, இடம் தவறாமல் கொட்டுவார். ஒரு நாள் நடுவில் நிறுத்திவிட்டுச் சும்மா பார்த்தேன். அப்போதும் 'ம்' என்றார்.

அதனால்தான் அக்காவைத் தேடிப் போனேன். நெடுநெடுவென்று உயரம், ஒட்டிய கன்னம், எப்போதும் ஒரு பக்கமாகச் சாய்ந்த தலை. சங்கரன்கோவில் பக்கத்துக்காரர். ஆனால் பேச்சில் ஊர் வாடையே இராது. டவுன்ஷிப்பில் பல ஊர்க்காரர்கள் கலந்து பேசும் மொழியைத்தான், அதையும் எண்ணி எண்ணிப் பேசுவார். குழந்தை இல்லை. அவர் வீட்டுக்காரரை நான் அண்ணன் என்பேன். சுரங்கத்தில் ஊறுகிற தண்ணீரை இறைக்கிற பம்ப் ஒன்றுக்கு அவர் ஆபரேட்டர். ஷிப்ட் முழுக்கத் தனியாக பம்புக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற வேலை. பம்பின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்த்தே அதற்கு என்ன கோளாறு என்று சொல்லிவிடுவாராம். யாராவது வணக்கம் சொன்னால் தலையாட்டுவார், அதுவும் நேராகப் பார்த்தால்தான். அவரையும் கர்வக்காரர் கணக்கில் சேர்த்திருந்தார்கள்.

அக்காவுக்கு ஒரு பழக்கம் உண்டு. பேச்சின் நடுவில் ஒற்றை விரலை உயர்த்தி "இருங்க" என்பார். அப்புறம் எதையோ கேட்பார். ஒரு தடவை அவரைக் கையைப் பிடித்து என் வீட்டுக்கு இழுத்து வந்து, மாமியார் வீட்டு விவகாரம் ஒன்றைச் சொல்லி நான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். விரல் உயர்ந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு காத்திருந்தேன், ஆறுதலாக ஏதோ சொல்லப் போகிறார் என்று. "உங்க ஃபேன்ல மேல கொக்கி தேய்ஞ்சிருக்கு. கீழ படுக்காதீங்க" என்றார். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை. சாயங்காலம் இவர் ஸ்டூல் போட்டு ஏறிப் பார்த்தார். கொக்கி பாதிக்கு மேல் அறுந்திருந்தது.

வண்டிச் சத்தத்தில்தான் அக்காவின் பெயர் பிளாக்கைத் தாண்டிப் பரவியிருந்தது. பேச்சுக்கு ஆகாதவர் என்று ஒதுக்கியவர்களே இதற்கு மட்டும் வருவார்கள். வீக்லி ஆஃப் அன்று காலையில் மோட்டார் சைக்கிள் வைத்திருக்கிறவர்கள் அக்கா வீட்டு கேட்டுக்கு முன்னால் ஒவ்வொருவராக முதல் கியரில் ஊர்ந்து போவார்கள். அக்கா கையில் முறத்தோடு அரிசியில் கல் பொறுக்கியபடி நிற்பார். நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டார். "இன்ஜினை நிறுத்திட்டுத் தள்ளிக்கிட்டு வாங்க" என்பார். தள்ளும்போதும் சத்தம் வந்தால் சக்கரம் அல்லது செயின், வராவிட்டால் இன்ஜின். அப்புறம் ஓட்டுகிறவரிடம் கேட்பார். "கைப்பிடி ஆடுதா, கால் வைக்கிற இடம் அதிருதா?" கைப்பிடி என்றால் வண்டியின் கழுத்தில் கோளாறு, கால் என்றால் இன்ஜினைப் பிடித்திருக்கிற போல்ட் தளர்ந்திருக்கும். வேகமாக ஓட்டிக் காட்ட வருகிறவர்களைத் திருப்பி அனுப்பிவிடுவார்.

"வேகமாப் போனா எல்லா வண்டியும் நல்ல வண்டிதான். மெதுவாப் போறப்பதான் உடம்புக்கு என்னன்னு தெரியும்" என்பது அவர் வார்த்தை.

சத்தத்தைப் பற்றி அக்கா பொய் சொல்ல மாட்டார். கடைசி வீட்டுப் பையன் புது வண்டி வாங்கி, பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி, மாலையோடு தெருவில் வந்தான். அவன் அம்மா கற்கண்டு தட்டோடு முன்னால் வந்துகொண்டிருந்தார். எல்லாரும் நல்ல வார்த்தை சொன்னோம். அக்கா கற்கண்டை வாயில் போட்டுக்கொண்டு, "முன் சக்கரத்துல சத்தம் வருதே தம்பி" என்றார். அந்த அம்மாள் பிறகு பல மாதம் அக்கா வாசலைக் கடக்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் போனார். "கொஞ்சம் பொறுத்துச் சொல்லியிருக்கலாமே அக்கா" என்று நான் கேட்டேன்.

"வந்த சத்தத்தை வரலைன்னு எப்படிச் சொல்றது? மத்ததுல எல்லாம் பொய் சொல்லிக்கலாம்" என்றார். மற்றதில் என்ன பொய் சொல்கிறார் என்று எனக்கு அப்போது தெரியாது.

இன்னொன்றும் புரியாமல் இருந்தது. அண்ணன் நைட் ஷிப்ட் முடித்துவிட்டு வந்து பகலில் தூங்கும்போது அக்கா கதவைச் சாத்திவிட்டு வாசல் படியில் உட்கார்ந்திருப்பார். வெயிலானாலும் அங்கேதான். தபால்காரரோ, கீரைக்காரம்மாவோ, அண்ணனை ஓவர்டைமுக்குக் கூப்பிட வந்த ஆளோ, யாராக இருந்தாலும் கதவைத் தட்ட விடமாட்டார். "தூங்குறாங்க" என்று எழுந்து நின்று சொல்லிவிட்டு, வேண்டுமானால் தானே உள்ளே போய் எழுப்பிக்கொண்டு வருவார். புருஷன் தூக்கத்துக்கு இப்படி ஒரு காவலா என்று நான்கூடக் கேலி செய்திருக்கிறேன்.

சாயங்காலம் ஆனால் ரெண்டு பேரும் வண்டியில் கிளம்புவார்கள். பழைய கறுப்பு வண்டி. அதிலும் மெதுவாகப் போகும்போது ஒரு சத்தம் வந்துகொண்டிருந்தது, பின்பக்கம், விட்டு விட்டு, டம்ளரில் கரண்டி இடிக்கிற மாதிரி. அதைக் கண்டுபிடிக்கத்தான் அக்காவைப் பின்னால் வைத்துக்கொண்டு முதல் கியரில் போகிறார் என்று எல்லாருக்கும் தெரியும். எங்கள் தெருவில் புறப்பட்டு, பெரிய ரோட்டைப் பிடித்து, வடலூர் போகிற வழியில் மரங்கள் அடர்ந்த இடம் வரை போய்த் திரும்புவார்கள். பக்கத்தில் சைக்கிளில் போகிறவர்கள் முந்திக்கொண்டு போவார்கள்.

பக்கத்துக் கிராமமான வடக்குத்திலிருந்து வருகிற கீரைக்காரம்மா கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரிப்பார். "என்னாம்மா, தெனம் ஊர்கோலம் போயிக்கினு இருக்காங்க. கண்ணாலம் ஆன புதுசுல நீங்கதான் போவணும். நீ வூட்டுல குந்திக்கினு கீர ஆஞ்சிக்கினு இருக்க."

அந்தக் கீரையை ஆய்ந்துகொண்டே நான் அவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். பொறாமை இல்லை என்று சொன்னால் பொய்.

ஒரு நாள் மாலை மார்க்கெட் போய்விட்டுப் பெரிய ரோட்டு ஓரமாக நடந்து வந்துகொண்டிருந்தேன். வெயில் தாழ்ந்திருந்தது. பின்னால் அந்த வண்டி வந்தது. அதோடு ஒரு பெண் குரலும் வந்தது. வாய்க்காலுக்கு அந்தக் கரையில் இருப்பவரைக் கூப்பிடுகிற குரல், அத்தனை பெரிது. நான் யாரோ என்று மரத்தோரம் ஒதுங்கி நின்றேன். அக்காதான். ஒரு கையால் அண்ணனின் தோளைப் பிடித்துக்கொண்டு, வாயை அவர் வலது காதோடு ஒட்டி வைத்துக்கொண்டு, சங்கரன்கோவிலில் பிறந்த வாயால் கொட்டிக்கொண்டிருந்தார்.

"அந்தப் பய வேண்டாம் வேண்டாம்னு நாஞ் சொல்லச் சொல்ல கெட்டிக் குடுத்தாவ. இப்பம் கைப்புள்ளையோட வந்து நிக்கா. எங்கம்மைக்கு என்னத்துக்கு இந்த வீம்பு? நீங்க ஒரு வார்த்த சொன்னாத்தான என்னவாம்?"

அண்ணன் பின்பக்கம் லேசாகத் தலையைத் திருப்பி ஏதோ சொன்னார். அக்கா அவர் முதுகில் ஓங்கி ஒன்று வைத்துவிட்டுச் சிரித்தார். அப்போதுதான் என்னைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. வண்டி என்னைத் தாண்டிப் போனது.

மறுநாள் இவர் வேலைக்குப் போனதும் அக்கா வந்தார். அவராக என் வீட்டுக்கு வந்தது அதுதான் முதல் தடவை. அடுப்படியில் வந்து நின்றுகொண்டு, "கேட்டுட்டீங்க" என்றார். எனக்கு அதற்குள் ஓரளவு விளங்கியிருந்தது.

அண்ணன் வம்சத்தில் நாற்பதை நெருங்கினால் காது அடைக்க ஆரம்பித்துவிடுமாம். அவர் அப்பாவுக்கும் அப்படித்தான். இடது காது போய்விட்டது. வலது காதில் வாயை வைத்துக் கத்தினால் கேட்கும். டிபார்ட்மெண்டுக்குத் தெரிந்தால் மெடிக்கலுக்கு அனுப்புவார்கள். பம்பிலிருந்து எடுத்து, தோட்டத்துக்குத் தண்ணீர் விடுகிற மாதிரி லைட் ஜாப் எதிலாவது போடுவார்கள். அப்படி ஒரு நாள் வந்தால் வேலையை விட்டுவிட்டு ஊருக்குப் போய்விடுவேன் என்று அண்ணன் சொல்லியிருக்கிறாராம். ஊரில் நிலமும் கிடையாது, வீடும் கிடையாது.

"சுவருக்கு அந்தப் பக்கம் இருக்கிறவர் அவங்க செக்‌ஷன்தான். இங்க நான் தும்மினா அங்க நூறாயிசும்பாங்க. வீட்டுக்குள்ள எப்படிக் கத்துறது? நான் கத்த ஆரம்பிச்சா, ஏன் கத்துறான்னு யோசிப்பாங்கல்ல."

வெளியே யாரோடாவது வாயைத் திறந்து பழகிவிட்டால் வீட்டிலும் தன்னை மறந்து குரல் எழும்பிவிடும் என்று பயந்துதான் எல்லாரிடமும் அப்படிப் பேசினாராம். வீட்டில் ஜாடைதான். "சோறு போடவா, மோர் வேணுமா, இதெல்லாம் கையால கேட்டுடலாம். என் தங்கச்சியை அவ புருஷன் விட்டுட்டுப் போனதைக் கையால எப்படிச் சொல்றது?"

"எழுதிக் காட்டலாமே அக்கா."

"எழுதிக் காட்டி யாராவது சண்டை போடுவாங்களா?" என்றார்.

வண்டி ஓடும்போது அந்த இரைச்சலில் அண்ணனுக்கு இன்னும் கொஞ்சம் நன்றாகக் கேட்குமாம். அது ஏன் என்று அவருக்கும் தெரியாது. ஆனால் மெதுவாகப் போக வேண்டும். வேகமெடுத்தால் காற்று வார்த்தையைக் கொண்டு போய்விடும். காரணமில்லாமல் பெண்டாட்டியை வண்டியில் வைத்துக்கொண்டு சுற்றுகிற ஆள் அண்ணன் இல்லை. கூச்சம், நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்கிற பயம். வண்டியில் ஒரு சத்தம், அதைப் பார்க்க வேண்டும் என்றால் வேலை. வேலை என்றால் கிளம்பிவிடுவார்.

"அப்போ அந்தச் சத்தம்?"

"செயின் தொங்கிப் போய் கவர்ல இடிக்குது. முதல் நாளே தெரியும். இன்னும் வருதான்னு கேப்பாங்க, வருதும்பேன். பொய் இல்லையே. எங்கருந்துன்னு அவங்க கேட்டதில்லை. கேட்டா சொல்லித்தான் ஆகணும்."

போகும்போது யாரிடமும் சொல்லாதீர்கள் என்றுகூட அக்கா சொல்லவில்லை. நானும் யாரிடமும் சொல்லவில்லை, இவரிடம்கூட. சொல்லியிருந்தாலும் 'ம்' என்றிருப்பார்.

ஆனால் காது கேட்கிற மனுஷராயிற்றே. அந்தச் சத்தம் தினமும் எங்கள் வாசலைக் கடந்து போய், தினமும் திரும்பி வந்தால் ஒரு ஃபிட்டருக்கு எப்படி இருக்கும்? ஒரு வீக்லி ஆஃப் அன்று காலையில் ஸ்பேனர் பையோடு கிளம்பினார்.

"ஊர் வண்டிக்கெல்லாம் வைத்தியம் சொல்ற அம்மா, சொந்த வண்டியை இப்படி விட்டு வச்சிருக்காங்க. பாவம், அவர் வேலைக்குப் போயிருக்காரு. வர்றதுக்குள்ள சரி பண்ணி வச்சுடறேன்."

"அடுத்தவங்க வண்டியில எதுக்குக் கை வைக்கிறீங்க?" என்றேன்.

"நான் என்ன திருடவா போறேன்? உதவிதானே."

உதவி என்று கிளம்பியவரை யார் நிறுத்த முடியும்? அக்கா சாவியை எடுத்துக் கொடுத்தார். மறுக்க அவரிடம் என்ன காரணம் இருந்தது? சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரரும் பேப்பரும் கையுமாக வந்து நின்றுகொண்டார். இவர் ஒரு காபி குடிக்கிற நேரத்தில் செயினை இழுத்துக் கட்டி, கவருக்கு அடியில் ரப்பர் வைத்து முடித்துவிட்டார். வண்டியை மெதுவாக ஓட்டிப் போய்த் திரும்பி வந்தார். சத்தமே இல்லை. முகமெல்லாம் சிரிப்பாக அக்காவிடம், "நீங்களே கேட்டுச் சொல்லுங்கம்மா. இருக்கா?" என்றார்.

அக்கா என்னைப் பார்த்தார். இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள் அக்கா என்று நான் மனசுக்குள் கும்பிட்டேன். ஒரு வார்த்தைதான். சொன்னால் இந்த ஊரில் மறுக்கிற ஆள் கிடையாது.

"போயிடுச்சு" என்றார் அக்கா. அந்த மெல்லிய குரலில்.

இவர் கை துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து, அன்றைக்கு ஒரு வாய் கூடவே சாப்பிட்டார்.

அதன் பிறகு சாயங்காலங்களில் வண்டி கிளம்பவில்லை. அண்ணன் வேலைவிட்டு வந்தால் நாற்காலியைப் போட்டு வாசலில் உட்காருவார். அக்கா படியில் உட்காருவார். ரெண்டு பேரும் தெருவைப் பார்ப்பார்கள். எங்கள் வீட்டு ஜன்னலிலிருந்து பார்த்தால் பஸ்ஸுக்குக் காத்திருக்கிற முன்பின் தெரியாதவர்கள் மாதிரி இருக்கும். அக்கா வண்டி பார்ப்பதையும் விட்டுவிட்டார். தலைவலி என்று திருப்பி அனுப்பினார். நான் போனால், "வாங்க" என்பார், அவ்வளவுதான். ஒற்றை விரல்கூட உயரவில்லை. தங்கை விஷயம் என்ன ஆயிற்று என்று கேட்டேன். "யார்கிட்ட சொல்லி என்ன பேசி முடிவு பண்றது?" என்றார். இருந்த ஒரே காதை இவர் ரப்பர் வைத்து அடைத்துவிட்டார் என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. இவரிடம் நாலு நாள் நான் பேசவில்லை. அது அவருக்குத் தெரியவே இல்லை.

மழைக்காலம் தொடங்கி, ஒரு நாள் மட்டும் வானம் வெளுத்திருந்த சாயங்காலம். அண்ணன் நாற்காலியை விட்டு எழுந்து வந்து எங்கள் கேட்டருகே நின்றார். இவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அவர் குரலை நான் அன்றுதான் முழுதாகக் கேட்டேன். அடங்கிய, கூச்சமான குரல். சுவருக்கு அந்தப் பக்கத்துக்காரரும் பேப்பருக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடியும் படிக்கத் தொடங்கினார்.

"வண்டியில மறுபடியும் சத்தம் வருது" என்றார் அண்ணன்.

இவர் முகம் சுருங்கிவிட்டது. தான் கட்டிய செயின் தளர்வதாவது? உடனே போய் வண்டியை எடுத்து, காதைத் தாழ்த்திக்கொண்டு முதல் கியரில் முனை வரை போய் வந்தார். இன்ஜினை நிறுத்தித் தள்ளிப் பார்த்தார். கவரைத் தட்டிப் பார்த்தார்.

"ஒண்ணும் இல்லையேண்ணே."

அண்ணன் இவர் உதட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். "வருது. முதல் கியர்ல. நல்லாக் கேக்குது" என்றார். பொய்யே சொல்லிப் பழகாதவர் மாதிரி அவருக்குக் கழுத்தெல்லாம் வேர்த்திருந்தது.

"இருங்க, அம்மாகிட்டயே கேட்டுடலாம்" என்று இவர் வண்டியை அண்ணனிடம் கொடுத்தார். அண்ணன் ஏறி, அக்கா நின்றிருந்த வாசலைக் கடந்து மெதுவாகப் போய்த் திரும்பி வந்து நிறுத்தினார். சுத்தமான ஓட்டம். என் காதுக்கே தெரிந்தது. அக்கா படியில் நின்றபடி அண்ணன் முகத்தைப் பார்த்தார். அண்ணன் ஹேண்டில் பாரைப் பார்த்தார்.

"என்னம்மா, இருக்கா?" என்றார் இவர்.

"இருக்கு" என்றார் அக்கா. மெல்லிய குரலில் இல்லை. பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்க்கிற குரலில். "இருக்கத்தான செய்யுது."

உள்ளே போய் விளக்கை அணைத்து, கதவைப் பூட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு வந்து பின்னால் ஏறிக்கொண்டார். வண்டி நகர்ந்தது. இவர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு தெரு நடுவில் நின்றார்.

"எனக்கு ஒண்ணும் கேக்கலியே. உனக்குக் கேட்டுச்சா?" என்றார்.

"காபி ஆறுது, போங்க" என்றேன். போனார். ரேடியோ பாட ஆரம்பித்தது.

வண்டி இன்னும் தெருமுனையைத் தாண்டவில்லை. அதற்குள் அக்கா சாய்ந்து அவர் காதில் பேச ஆரம்பித்துவிட்டார். இத்தனை வாரமும் சேர்த்து வைத்தது எவ்வளவோ இருக்கும். நான் கேட்டைப் பிடித்துக்கொண்டு பார்த்துக்கொண்டே நின்றேன். அந்த வண்டியில் இன்னொருவருக்கு இடம் இருந்திருந்தால் ஓடிப்போய் ஏறிக்கொண்டிருப்பேன்.